வெண்ணெயும் சுண்ணாம்பும்: அம்மியானஸ் காட்டும் பேரரசர்களை எப்படிப் படிப்பது?

நாலாம் நூற்றாண்டு ரோம வரலாற்றை எழுதிய அம்மியானஸ் மார்செல்லினஸை நடுநிலையான வரலாற்றாசிரியர் என்கிறார்கள், ஆனால் படித்துப் பார்த்தால் ரோமப் பேரரசர்களில் ஜூலியனுக்கு வெண்ணெய், கான்ஸ்டான்டியஸுக்குச் சுண்ணாம்பு என்றுதான் இருக்கிறது, பிறகு எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் பொய் சொல்கிறாரா என்பது ஒன்று. இல்லாத நிகழ்ச்சியைத் தெரிந்தே கட்டிவிட்டார் என்று நிரூபிக்கப் போதிய சான்று கிடையாது. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதை என்று நினைக்கிறேன்: நடந்ததைச் சொல்லிக்கொண்டே ஒருவரை உயர்த்தி இன்னொருவரைத் தாழ்த்த அவரால் எப்படி முடிகிறது, அதை வாசிக்கிறவர் எப்படிப் பிரித்தெடுப்பது?

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. அவர் கிரேக்கம் பேசி வளர்ந்தவர், படைவீரர், எழுதியது லத்தீனில். நூலின் கடைசிப் பத்தியில் தன்னை ‘முன்னாள் படைவீரனும் கிரேக்கனும்’ என்று அவரே சொல்லிக்கொள்கிறார். கி.பி. 96இல் நெர்வா அரியணை ஏறியதில் தொடங்கி 378இல் வேலன்ஸ் இறந்ததுவரை 31 பாகங்கள் எழுதினார். முதல் 13 பாகங்கள் தொலைந்துவிட்டன. கையில் இருக்கும் 14 முதல் 31 வரையிலான பாகங்கள் 353 முதல் 378 வரை உள்ள 25 ஆண்டுகளை மட்டும் சொல்கின்றன. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. கான்ஸ்டான்டியஸ் ஆண்டது 337 முதல் 361 வரை, 24 ஆண்டுகள். நாம் அம்மியானஸ் வழியாகப் பார்ப்பது கடைசி எட்டு ஆண்டுகளை. சந்தேகமும் சோர்வும் பிடித்த நடுவயது அரசனின் படம் அது. இளம் வயதில் பாரசீகத்தின் இரண்டாம் ஷாபூரைக் கிழக்கு எல்லையில் ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்திய கான்ஸ்டான்டியஸைப் பற்றி அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ‘அம்மியானஸின் கான்ஸ்டான்டியஸ்’ என்று நாம் பேசுவதெல்லாம் பாதி அறுந்த ஓவியத்தைப் பற்றித்தான்.

மீதியுள்ள 18 பாகங்களிலும் இடம் ஒதுக்கிய விதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூலியன் தனிப் பேரரசராக இருந்தது 361 நவம்பர் முதல் 363 ஜூன் வரை, ஏறக்குறைய 20 மாதங்கள். அதற்கு 22 முதல் 25 வரை நான்கு பாகங்கள். பின்னால் மேற்கையும் கிழக்கையும் ஆண்ட சகோதரர்கள் வாலென்டினியன், வேலன்ஸ் இருவரின் 14 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆறு பாகங்கள். குறை சொல்லாமலேயே ஒருவரைச் சிறிதாக்கிவிட இது போதும்.

அவர் அரசர்களைக் காட்டுவது இரண்டு வகையில். ஒன்று, ஆண்டு வாரியாக ஓடும் நிகழ்ச்சிக் கதை. மற்றொன்று, அரசர் இறந்ததும் நிறுத்தி எழுதும் குணமதிப்பீடு: நற்குணங்கள் இவை, குற்றங்கள் இவை, தோற்றம் இது என்று வரவும் செலவும் பிரித்து எழுதிய கணக்கேடு மாதிரி. கான்ஸ்டான்டியஸுக்கு 21.16, ஜூலியனுக்கு 25.4, வாலென்டினியனுக்கு 30.7 முதல் 30.9 வரை, வேலன்ஸுக்கு 31.14. (முதல் எண் பாகம், அடுத்தது அத்தியாயம். அத்தியாயப் பிரிவு பிற்காலப் பதிப்பாசிரியர்கள் செய்தது, அவருடையது அல்ல.) அவசரத்தில் படிப்பவர்கள் இந்தக் கணக்கேட்டை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் கணக்கேடும் கதையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. மதிப்பீட்டில் ஒரு குணத்தைக் கண்டதும், கதைப் பகுதியில் அதற்கு எத்தனை நிகழ்ச்சிகள் சான்றாக நிற்கின்றன என்று தேடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அது அவருடைய கருத்து மட்டுமே. எதிரான நிகழ்ச்சி அகப்பட்டால், தன் தீர்ப்புக்கு எதிரான சாட்சியை அவரே விட்டுவைத்திருக்கிறார் என்று பொருள்.

கான்ஸ்டான்டியஸையே எடுத்துக்கொள்வோம். 357இல் அவர் ரோமுக்குள் நுழையும் காட்சி (16.10) எல்லாருக்கும் தெரிந்தது. பொன் தேரில் தனியே அமர்ந்து வருகிறார். மிகக் குட்டையான ஆள், ஆனாலும் உயரமான வாயில்களைக் கடக்கும்போது தலையைக் குனிகிறார். கழுத்தை இறுக்கிப் பிடித்தாற்போல் நேரே பார்க்கிறார். வண்டி குலுங்கினாலும் தலை அசையவில்லை, எச்சில் துப்பவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை, மனித உருவச் சிலை போல இருக்கிறார். இன்று படிக்கிறவர்களுக்கு இது கேலிச்சித்திரமாகவே படும். ஆனால் 21.16க்குப் போனால், பொது இடத்தில் மூக்கைச் சிந்தாமல், துப்பாமல், முகத்தைத் திருப்பாமல் இருந்த அதே பழக்கம் நற்குணங்களின் பட்டியலில் இருக்கிறது! நாலாம் நூற்றாண்டு அரசவையில் அசையாமை என்பது அரச லட்சணம். 388ஐச் சேர்ந்த, பேரரசர் தியோடோசியஸின் வெள்ளித் தட்டு மாட்ரிடில் இருக்கிறது. அதில் அரசர் நேர்முகமாக, உறைந்து அமர்ந்திருப்பதைப் பார்த்தால் புரியும். குட்டையானவர் குனிந்தது என்ற வரியில் சிரிப்பு ஒளிந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் காட்சி முழுவதும் நையாண்டி என்று சொல்ல உரை இடம் தரவில்லை.

இதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். தத்துவஞானி மாக்ஸிமஸ் வந்திருக்கிறார் என்று கேட்டதும் ஜூலியன் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்து, வாசலைத் தாண்டி வெகுதூரம் ஓடி, அவரை முத்தமிட்டு அழைத்து வருகிறார் (22.7). மனிதத்தன்மை என்று நாம் ரசிப்பதை அம்மியானஸ் அரசருக்குப் பொருந்தாத விளம்பரப் பிரியம் என்று கண்டிக்கிறார். ஆக, அரசர் எப்படி இருக்க வேண்டும் என்ற அவருடைய அளவுகோலும் நம்முடையதும் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் யாரைப் பாராட்டுகிறார், யாரைத் திட்டுகிறார் என்று சொல்ல முயன்றால் தலைகீழாகப் போய்விடும்.

கான்ஸ்டான்டியஸ் மீது அவருக்கு உண்மையான வெறுப்பு இருந்தது, அதில் ஐயமில்லை. காரணமும் வெளிப்படை. அம்மியானஸ் குதிரைப்படைத் தளபதி உர்சிசினஸின் கீழ் பணியாற்றியவர். 359இல் பாரசீகர் அமிடாவை (இன்றைய தியார்பக்கிர்) 73 நாள் முற்றுகையிட்டு வீழ்த்தியபோது அம்மியானஸ் உள்ளே இருந்தார், இருட்டில் தப்பினார். அடுத்த ஆண்டே பழி உர்சிசினஸ் தலையில் விழுந்து அவர் பதவி போயிற்று. அரண்மனை அண்ணகர்களின் (விதை நீக்கப்பட்ட ஏவலர்களின்) சூழ்ச்சி என்று அம்மியானஸ் கடைசிவரை நம்பினார். பள்ளியறைக் காரியஸ்தரான அண்ணகர் யூசீபியஸைப் பற்றி ‘உண்மையைச் சொல்வதானால், அவரிடம் கான்ஸ்டான்டியஸுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது’ என்று எழுதுகிறார் (18.4). அரசனுக்கு வேலைக்காரனிடம் செல்வாக்கு! லத்தீனில் ஒரு சிறு தொடர்தான்.

இந்தப் பின்னணியோடு, கான்ஸ்டான்டியஸ் கொடுமையில் காலிகுலா, டொமிஷியன், கொமோடஸ் மூவரையும் எளிதில் மிஞ்சினார் என்ற தீர்ப்பை (21.16) எடைபோடுங்கள். ராஜதுரோக விசாரணைகள் நடந்தன. ‘சங்கிலி’ என்று பட்டப்பெயர் பெற்ற எழுத்தர் பவுலஸ் பலரை மாட்டிவிட்டார். கதையில் அதற்குச் சான்று உண்டு. ஆனால் பிற்பகுதியில் வாலென்டினியன் காலத்து ரோமிலும் வேலன்ஸ் காலத்துச் சிரியாவின் அந்தியோக்கியா நகரிலும் நடந்த கொலைகளாக அவரே விவரிப்பவை இதைவிடக் கனமானவை. ஆகவே அந்த ஒப்பீடு கோபத்தில் வந்த சொல், அளந்து வந்த சொல் அல்ல. இன்னொன்று: ஸ்ட்ராஸ்பர்க்கில் 357இல் ஜூலியன் வென்ற போரைத் தானே முன்நின்று நடத்தியதுபோல் கான்ஸ்டான்டியஸ் அறிக்கை விட்டார் என்று ஏளனம் செய்கிறார் (16.12). சீசர் என்ற இளைய அரசர் பெறும் வெற்றி அகஸ்டஸ் என்ற மூத்தவர் கணக்கில் சேர்வது அன்றைய அரசியல் மரபு. அதை அம்மியானஸ் அறியாதவர் அல்லர்.

அந்தப் போரில் அவர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பே உர்சிசினஸோடு காலியாவை (இன்றைய பிரான்ஸ் பகுதி) விட்டுப் போய்விட்டார். ரோமர் 13,000, எதிரிகளான ஜெர்மானிய அலமான்னியர் 35,000, இறந்தவர்களில் ரோமர் 243 வீரரும் 4 அதிகாரிகளும், எதிரிகள் 6,000 என்று எண்கள் தருகிறார். ஜூலியனே அந்தப் போரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அந்த வாசனை இதில் அடிக்கிறது. ரோமர் தரப்பு எண்கள் படைப் பதிவேட்டிலிருந்து வந்திருக்கலாம், நம்பலாம். எதிரியின் 35,000 என்பது வென்றவன் போட்ட கணக்கு.

ஜூலியனைப் பற்றிச் சொல்லப்போவது கிட்டத்தட்டப் புகழுரையாகவே இருக்கும் என்று அவரே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறார் (16.1). ஒளித்துச் செய்யவில்லை. புகழுக்குச் சான்றாகச் சில நல்ல விவரங்களும் தருகிறார். ஜூலியன் காலியாவுக்கு வந்தபோது ஒரு வரி அலகுக்கு 25 பொற்காசு வசூலானது, அவர் கிளம்பியபோது 7தான் (16.5) என்பது அப்படிப்பட்டது. மறுபுறம், கிறிஸ்தவர்கள் இலக்கணமும் சொற்கலையும் கற்பிக்கக் கூடாது என்று ஜூலியன் போட்ட தடையை ‘நிரந்தர மௌனத்தில் புதைக்க வேண்டியது’ என்று கண்டிக்கிறார் (22.10). ஜூலியனைப் போல அம்மியானஸும் பழைய தெய்வங்களை வணங்கியவர்தான். தன் கட்சிக்காரர் செய்த தவற்றைத்தான் இப்படிச் சொல்கிறார். ஜூலியனின் பலி வெறியைப் பற்றி, பாரசீகத்திலிருந்து உயிரோடு திரும்பியிருந்தால் நாட்டில் மாட்டுக்கே பஞ்சம் வந்திருக்கும் என்கிறார். முந்தைய பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு வெள்ளை எருதுகள் எழுதியதாக உலவிய நையாண்டிக் கடிதத்தையும் கூடவே சேர்க்கிறார்: ‘நீ வென்றால் நாங்கள் ஒழிந்தோம்.’

அவருடைய நேர்மைக்கு ஒரே ஓர் இடம் காட்டச் சொன்னால் உர்சுலஸின் முடிவைக் காட்டுவேன். உர்சுலஸ் கான்ஸ்டான்டியஸின் கருவூலத் தலைவர். இடிந்து கிடந்த அமிடாவைப் பார்த்து, இந்தப் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தே பேரரசின் பணம் கரைகிறது, இவர்கள் நகரத்தைக் காக்கும் வீரத்தைப் பாருங்கள் என்று குத்தலாகச் சொன்னவர் (20.11). அமிடாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அம்மியானஸ். அந்தச் சொல் அவர் மேலும்தான் விழுந்தது. ஜூலியன் பதவிக்கு வந்ததும் சால்செடனில் விசாரணை மன்றம் அமைத்தார், படைவீரர்களின் பகையில் உர்சுலஸ் கொல்லப்பட்டார். அதற்கு அம்மியானஸ் எழுதியது: நீதிதேவதையே அழுதாள் (22.3). காலியாவில் பணமில்லாமல் தவித்தபோது ஜூலியனுக்குக் கைகொடுத்தவர் இதே உர்சுலஸ் என்பதையும் சொல்லி, நன்றி கெட்ட செயல் என்று தன் நாயகன்மேலேயே பழியை வைக்கிறார்.

ஆனால் பாரசீகப் போர் என்று வந்தால் தராசு சாய்கிறது. ஜூலியன் தன் பெரிய கப்பல் தொகுதியைத் தானே எரிக்கச் சொன்னார், பாலம் கட்ட 12 சிறு படகுகளை மட்டும் விட்டுவைத்தார் என்று கதைப் பகுதி சொல்கிறது (24.7). அதன் பிறகு படை பசியில் நடக்கிறது, 363 ஜூன் 26 அன்று ஜூலியன் ஈட்டிக் காயத்தில் இறக்கிறார், ஜோவியன் அவசரத்தில் அரசராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். டைக்ரிஸுக்கு அப்பாலிருந்த ஐந்து மாகாணங்கள், 15 கோட்டைகள், நிசிபிஸ், சிங்கரா என்ற எல்லை நகரங்கள் ஆகியவற்றைப் பாரசீகருக்குக் கொடுத்துச் சமாதானம் செய்கிறார். அம்மியானஸின் கோபம் முழுவதும் ஜோவியன் மேல். ஜூலியனின் மதிப்பீட்டிலோ குற்றப் பட்டியலும் தோற்ற வருணனையும் முடிந்த பிறகு, வேறு எந்த அரசருக்கும் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார்: வக்கீல் வாதம். இந்தப் போரை மூட்டியது ஜூலியன் அல்ல, மெட்ரோடோரஸ் என்பவனின் பொய்களை நம்பிய கான்ஸ்டன்டைன்தான் (கான்ஸ்டான்டியஸின் தந்தை) என்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன அரசரைக் கூண்டில் ஏற்றவேண்டிய தேவை வந்ததே, வழக்கு பலவீனமானது என்பதற்கு அடையாளம். அதே நிசிபிஸில் வாழ்ந்த சிரியக் கவிஞர் எஃப்ரேம், நகர வாயிலில் கிடத்தியிருந்த ஜூலியனின் உடலையும் கோபுரத்தில் ஏறிய பாரசீகக் கொடியையும் பார்த்ததாகப் பாடியிருக்கிறார். அவர் பழி போடுவது ஜூலியன்மேல், ஜோவியன்மேல் அல்ல. எஃப்ரேம் கிறிஸ்தவர், அவருக்கும் சார்பு உண்டு. ஆனால் ஊரை இழந்தவர் அவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், கப்பலை எரித்த கையையும் கையெழுத்துப் போட்ட கையையும் அம்மியானஸ் எவ்வளவு கவனமாகப் பிரித்து வைக்கிறார் என்று தெரியும்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. ஜூலியனைத் தேடித் தூதர்கள் வந்ததைச் சொல்லும்போது, இந்திய இனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுகளோடு ஆள் அனுப்பின, ‘திவிகள், செரெந்திவிகள்’ வரையிலிருந்து வந்தார்கள் என்கிறார் (22.7). செரெந்திவி என்பது இலங்கை. தொலைதூர நாடுகளெல்லாம் திறை கொண்டு வந்தன என்று அடுக்கும் இந்தப் பகுதி நம் மெய்க்கீர்த்திகளின் வாடையோடு இருக்கிறது. அதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வாக்கியத்தில் ‘உரிய காலத்துக்கு முன்பே’ என்று ஒரு சொல் வருகிறது. 361 நவம்பரில் தனி அரசரானவரைத் தேடி 362க்குள் இலங்கையிலிருந்து தூது வந்து சேர வேண்டுமானால், அது கிளம்பும்போது மனதில் இருந்த அரசர் கான்ஸ்டான்டியஸாகத்தான் இருக்க வேண்டும். பெருமை மட்டும் ஜூலியன் கணக்கில்.

ஜோவியனுக்குக் கிடைத்தது இரண்டே சிறு பத்திகள்: உயரத்துக்கேற்ற அரச உடை கிடைக்கவில்லை, சாப்பாட்டுப் பிரியர், மது, பெண்கள். ஜூலியனுடைய மதிப்பீட்டில் 27 உட்பிரிவுகள்.

வாலென்டினியனின் பகுதியில் பயங்கரம் நுணுக்கமான விவரங்களாக வருகிறது. சொன்ன எடையைவிடச் சற்றுக் குறைவான மார்புக் கவசம் செய்து வந்த கொல்லனுக்கு மரணம், வேட்டை நாயைச் சற்று முன்னதாக அவிழ்த்துவிட்ட பையன் அடித்தே கொல்லப்படுகிறான், பள்ளியறைக்குப் பக்கத்தில் ‘பொற்துகள்’, ‘களங்கமற்றவள்’ என்று பெயரிட்ட இரண்டு மனிதர்தின்னிக் கரடிகள் (29.3). இதையெல்லாம் எழுதியவர், மதிப்பீட்டில் அவருக்கு மட்டும் வரிசையை மாற்றுகிறார். மற்ற மூவருக்கும் நற்குணம் முதலில், குற்றம் பிறகு. வாலென்டினியனுக்குக் குற்றம் முதலில், நற்குணம் கடைசியில். எல்லைக் கோட்டைகளைக் கட்டியது, மதங்களுக்கிடையே எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது என்ற பாராட்டு காதில் கடைசியாக நிற்கிறது. ஒரு கிறிஸ்தவ அரசருக்கு இந்தச் சலுகை! வெண்ணெய், சுண்ணாம்பு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாததற்கு இது ஒரு சான்று.

அவர் பேசாமல் விட்டதையும் படிக்க வேண்டும். அவர் எழுதியது தியோடோசியஸின் ஆட்சியில். 391 வாக்கில் இடிக்கப்பட்ட அலெக்சாண்ட்ரியாவின் செராபிஸ் கோயிலை இன்னும் நிற்பதாக வருணிப்பதால் அந்தப் பகுதி அதற்கு முன்பு எழுதியது என்று கொள்கிறார்கள். தியோடோசியஸின் தந்தை, அதே பெயர் கொண்ட தளபதி, கார்த்தேஜில் மரணதண்டனை பெற்றவர். அவருடைய ஆப்பிரிக்கப் போரை விரிவாகப் புகழும் அம்மியானஸ் அந்த மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவரை இரண்டு பழைய தளபதிகளோடு ஒப்பிடுகிறார்: கோர்புலோ, லூசியஸ் குயெட்டஸ் (29.5). முதலாமவர் நீரோவின் கட்டளையால் செத்தவர், இரண்டாமவர் ஹட்ரியன் ஆட்சித் தொடக்கத்தில் கொல்லப்பட்டவர். விஷயம் தெரிந்தவருக்கு அது போதும். சமகாலத்தை எழுதுவதில் உள்ள ஆபத்தை 26ஆம் பாகத்தின் தொடக்கத்தில் அவரே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

ஐயத்துக்குரியவை சில. அவர் அந்தியோக்கியாக்காரர் என்று புத்தகங்கள் உறுதியாகச் சொல்வது, 392இல் அந்தியோக்கியாவின் சொற்கலை ஆசிரியர் லிபானியஸ் ரோமிலிருந்த ஒரு மார்செல்லினஸுக்கு எழுதிய கடிதத்தை நம்பி. அந்த மார்செல்லினஸ் இவர்தானா என்று வாதம் தீரவில்லை. அந்தியோக்கியா ஏற்கத்தக்க ஊகம், அவ்வளவே. அரசர்கள் படைமுன் ஆற்றும் உரைகளும் ஜூலியனின் மரணப்படுக்கைப் பேச்சும் அன்றைய மரபுப்படி ஆசிரியர் அமைத்தவை. அரசரின் சொற்களாக மேற்கோள் காட்டாதீர்கள். 355இல் கொலோனில் தன்னை அரசனாக அறிவித்த தளபதி சில்வானஸ் உண்மையில் அப்படிச் செய்தாரா என்றுகூட ஐயப்படுகிறவர்கள் உண்டு, அவர் பெயரில் நாணயம் எதுவும் அறியப்படவில்லை. அந்தக் கதையில் கூடுதல் எச்சரிக்கை தேவை: சில்வானஸைத் தீர்த்துக்கட்டப் போன உர்சிசினஸின் குழுவில் அம்மியானஸும் ஒருவர், அதை மறைக்காமல் எழுதுகிறார். ‘நாங்கள்’ என்று வரும் இடங்களில் பேனாவால் அடையாளமிட்டுக்கொண்டே போங்கள். பார்த்தது எது, கேட்டது எது என்று பாதி தெளிந்துவிடும்.

தொடக்கத்திலிருந்து படிக்கப் பொறுமை இல்லையென்றால் கடைசிப் பாகத்திலிருந்து தொடங்கலாம். 378 ஆகஸ்ட் 9, அட்ரியானோபிளில் கோத்தியரிடம் ரோமர் அடைந்த தோல்வி. வேலன்ஸ் அம்பு பட்டு வீரர்களோடு வீரராக விழுந்தார், உடல் கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி. காயத்தோடு ஒரு பண்ணை வீட்டின் மாடியில் கிடத்தியிருந்தபோது, உள்ளே இருப்பது யாரென்று தெரியாமலே எதிரிகள் வைக்கோலும் விறகும் அடுக்கி எரித்துவிட்டார்கள், சன்னல் வழியே குதித்த ஒரு காவலன் பிற்பாடு வந்து சொன்னான் என்று இன்னொரு செய்தி (31.13). இரண்டாவதில்தான் கதைச் சுவை அதிகம், பிடிக்காத அரசருக்குப் பொருத்தமான முடிவும் அதுதான். அம்மியானஸ் இரண்டையும் எழுதிவிட்டு, எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போகிறார்.